பெரியவனுக்குக் கொடுத்த துப்பாக்கி

அண்ணன் வீட்டில் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி இருப்பதாகக் கோமதிசங்கர் குரலை மாற்றிப் போலீசுக்குப் போன் போட்டான். சொந்த செல்லிலிருந்து போட்டதுதான் அவன் சாமர்த்தியம். ஸ்டேஷன்காரர்கள் அதே நம்பரைக் கூப்பிட்டு, அண்ணனைத் துப்பாக்கியோடு கூட்டிவரும்படி அவனிடமே சொல்லிவிட்டார்கள்.

எழுபத்தியொன்றாம் வருஷப் பாகிஸ்தான் சண்டையிலிருந்து அப்பா கொண்டுவந்த கைத்துப்பாக்கி அது. போன மாதம் சாகும்போது பெரியவன் பால்வண்ணநாதன் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து சின்னவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மேலகரத்திலிருந்து சாரலில் நனைந்தபடி பைக்கில் போனார்கள்.

"அப்பா ஏம்ணே அத உனக்குக் கொடுத்தாவ?"

"எனக்கென்னலே தெரியும்? ரோட்டப் பாத்து ஓட்டு."

தென்காசி ஸ்டேஷனில் அண்ணன் துப்பாக்கியைச் சுற்றியிருந்த துண்டைப் பிரித்தான். அதில் சந்தனப் பொட்டு ஈரமாக இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பொட்டு வைப்பவர் அப்பா மட்டும்தான். அன்றும் வெள்ளிக்கிழமை.

"நீயாண்ணே வச்ச?"

"நான் தொடவே இல்லலே."

ஏட்டு அனுசியா நிமிர்ந்தாள். "உங்க அப்பாதான் காலையிலயே வந்தாவளே, விரல்ல சந்தனத்தோட."

"எங்கப்பாவா? என்ன சொன்னாவ?"

"இத வச்சிருந்தா கேஸு, ஜெயிலு. சின்னவன் தாங்கமாட்டான், அதான் பெரியவன்ட்ட கொடுத்தேன்னாவ."