கடன்காரர் கூட்டம்

கடன் கொடுத்தவர்களைக் கூப்பிடும் கடன்காரர் கூட்டத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று வக்கீல் அடித்துச் சொல்லியிருந்தார். ஆனால், திவால் மனு கொடுத்த வெர்னா உள்ளே நுழைந்ததுமே, பின்வரிசையில் லூசிலைப் பார்த்துவிட்டாள். சர்ச் தோழி. இருநூறு டாலர் கைமாற்றுக் கொடுத்தவள். சட்டப்படி அவள் பெயரையும் கடன் பட்டியலில் எழுத வேண்டியதாகிவிட்டது; பட்டியலில் ஏறிய கடனைத் திருப்பித் தரவேண்டியதில்லை.

வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“உங்க அரசாங்க ஓய்வூதியத்துல யாரும் கைவைக்க முடியாதும்மா,” என்று கூட்டத்தை நடத்திய அதிகாரி சொல்லிவிட்டு நிமிர்ந்தார். “கடன் குடுத்தவங்க யாராவது வந்திருக்கீங்களா?”

லூசில் வாயே திறக்கவில்லை.

வெளியே போகும்போது வெர்னா பின்வரிசையில் நின்று, இன்னும் உட்கார்ந்திருந்த லூசிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். “என் மானத்தைக் காப்பாத்திட்டடி.”

“அடுத்த திவால் மனு, லூசில் ஹாஸ்கெல்,” என்று அதிகாரி கூப்பிட்டார். “உங்களுக்கு யாராவது பணம் தரணுமாம்மா?”

லூசில் திரும்பி வெர்னாவைப் பார்த்தாள்.

“அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் ஒருத்தி தரவேண்டியிருந்துச்சுங்க.”