பாலம் எங்கே இறங்கும்?

மேம்பாலம் வேண்டும் என்பவர்கள் ஜன்னல் பக்கம். வேண்டாம் என்பவர்கள் கதவுப் பக்கம்.

நடுவில் உட்கார்ந்து, மேசையை டஸ்டரால் தட்டித் தட்டி நகரசபையை நடத்திக்கொண்டிருந்தார் சமூக அறிவியல் டீச்சர். அன்றைக்கு ஒன்பதாம் வகுப்புதான் நகரசபை. அவர்தான் தலைவர்.

ஊரே அந்தப் பாலத்தால் இரண்டுபட்டுக் கிடந்தது. முடிவெட்டிக்கொள்ளக்கூட அவரவர் பக்கத்து ஆள் கடைக்குத்தான் போனார்கள்.

அதனால் டீச்சர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வீட்டில் என்ன பேசுகிறார்களோ, அதற்கு நேர் எதிராகத்தான் இங்கே பேச வேண்டும்.

பாலம் கூடாதென்று ஆள் திரட்டும் தையல்காரரின் மகள், பாலத்துக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசினாள். வகுப்பில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். ரயில்வே கேட், ஆம்புலன்ஸ், உள்ளே வலியில் துடிக்கும் கர்ப்பிணி என்று அடுக்கி, எதிர்ப்பக்கத்தின் வாயை அடைத்துவிட்டாள்.

பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, பாலத்தைக் கட்டப்போகும் கான்ட்ராக்டரின் மகன் முன்னால் வந்தான். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத பையன்.

“பாலம் எங்க இறங்கும்னு யாருமே கேக்கல. ஸ்கூலுக்குப் பின்தெருவுலதான் இறங்குது. அங்க மொதல்ல இடிக்கப்போறது நம்ம டீச்சர் வீடு.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

“டீச்சர் வீட்டையே இடிச்சுட்டான்டா!” என்று கடைசி பெஞ்ச் கூவியது.

டீச்சரும் சிரித்தார்.

அவன் மட்டும் சிரிக்கவில்லை. மேசையருகே குனிந்தான்.

“நெஜமாத்தான் டீச்சர். அப்பா போன்ல பேசினாரு.”

சிரிப்பு டீச்சரின் முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. அதை எடுக்கவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் தெரியவில்லை.

மாமியாரின் சக்கர நாற்காலி நுழைவதற்காக, போன வாரம்தான் வாசலை அகலப்படுத்தியிருந்தார். சிமெண்ட் பூச்சு இன்னும் முழுசாகக் காயவில்லை.

ஓட்டெடுப்பு நடந்தது. யார் எண்ணினார்களோ, அவருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் சமம் என்றார்கள்.

“தலைவர் ஓட்டு! தலைவர் ஓட்டு!”

வகுப்பு மொத்தமும் மேசையைத் தட்டியது.

டீச்சர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“சொந்த வீடு சம்பந்தப்பட்ட விஷயத்துல தலைவர் ஓட்டு போடக் கூடாது,” என்றார். குரல் பிசிறியது.

அதையும் நடிப்பு என்றே நினைத்தார்கள். முன்பைவிடப் பலமாகக் கைதட்டினார்கள்.

சாயங்காலம் அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. அதே தெருவில் எதிர்வரிசையில் இருக்கும் தையல்காரர் வீட்டின் முன் போய் நின்றார். கதவைத் தட்டக் கை எழவில்லை.

ரேடியோதான் பார்த்துவிட்டுத் திறந்தாள். “அப்பா, எங்க டீச்சர் வந்திருக்காங்க!”

உள்ளே தையல் மிஷினின் சத்தம் நின்றது.

“பாலம் வேணும்னு மறுபடியும் கையெழுத்து வாங்க வந்திருந்தாங்கன்னா, தெருவே போட்டுக் குடுத்தாலும் நம்ம வீட்ல போட மாட்டோம்னு சொல்லும்மா.”

டீச்சர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.