கப்பல் வேலை

பையனுக்குக் கப்பலில் வேலை என்றால் எத்தனை நாடு சுற்றியிருப்பார் என்று பெண்ணின் அம்மா தேவசுந்தரி கேட்டாள்.

நிறைய என்று சொல்லிவைத்தான் ஆபேல். சொன்னதும் அவனுக்கே அலுப்பாக இருந்தது.

அவன் வேலை பார்க்கும் கப்பல் எந்த நாட்டுக்கும் போனதில்லை. கோவாவில் ஆற்று நடுவே நங்கூரம் போட்டு நிற்கிற கேசினோ அது. ஒன்பது வருடமாக அங்கே சூதாட்ட மேஜையில் சீட்டுப் போடுகிறான்.

அதை உள்ளபடி சொல்லித்தான் மூன்று சம்பந்தம் தட்டிப்போனது. வயது முப்பத்தைந்து. இந்த முறை கப்பல் என்பதற்கு மேல் வாயைத் திறக்காதே என்று அக்கா மிரட்டி அனுப்பியிருந்தாள்.

கே.ஜி.கண்டிகை நிலத்தை விற்ற பணம் மகள் சுஜா பெயரில் அப்படியே பேங்கில் இருக்கிறதாம். தேவசுந்தரி தானாகவே சொன்னாள்.

அவள் கணவர் சத்தியநாதன் ஜன்னல் வழியே மலைக்கோயில் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் பங்குக் கோயில் ஆட்களோடு கோவாவுக்குத் திருயாத்திரை போய்வந்ததிலிருந்து அவர் கையும் ஜெபமாலையுமாகத்தான் இருக்கிறார், யாரோடும் பேச்சில்லை என்று அதையும் பெருமையாகவே சொன்னாள்.

கோவா என்றதும் ஆபேலுக்குத் திக்கென்றது.

சுஜா மிக்சர் தட்டை நீட்டி லேசாகச் சிரித்தாள். கர்த்தரே, இந்தப் பெண் கிடைத்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

தட்டை வாங்கி டீப்பாயில் வைத்தான். வைத்த வேகத்தில் இரண்டு கைகளையும் தட்டி, விரித்து, புரட்டிக் காட்டினான்.

கேசினோவில் மேஜையை விட்டு நகரும்போதெல்லாம், கையில் எதையும் ஒளிக்கவில்லை என்று தலைக்கு மேலிருக்கும் கேமராவுக்குக் காட்டுகிற பழக்கம். பாழாய்ப்போன பழக்கம் பெண் பார்க்க வந்த இடத்திலும் விடவில்லை.

கையில் எண்ணெய் ஒட்டிக்கொண்டது போல என்று தேவசுந்தரி துண்டு எடுக்க ஓடினாள். சத்தியநாதன் மட்டும் திரும்பி அந்தக் கைகளையே பார்த்தார்.

போச்சு, நாலாவதும் போச்சு என்று ஆபேல் எழுந்துகொண்டான்.

அவர் வாசல்வரை கூடவே வந்தார். செருப்பு மாட்டியவனின் தோளைப் பிடித்தார்.

"அந்தப் பணம் பேங்க்ல இல்ல மாப்ள. ஒரே நாள்ல போச்சு, உங்க கப்பல்லதான். வூட்ல யாருக்கும் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க."

அவனை மாப்பிள்ளை என்று இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

அவர் முகத்தைத் தன் மேஜையில் பார்த்த ஞாபகம் வருகிறதா என்று ஆபேல் யோசித்தான். வரவில்லை. சீட்டுப் போடும்போது அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.