அழித்த வழக்கு

நடந்ததை நடக்காததாக மாற்றும் வல்லமை உலகில் இருவருக்குத்தான் உண்டு: ஒருவர் கடவுள், மற்றவர் எங்கள் ஒஹாயோ நீதிபதி. லெமுவேல் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. பத்தொன்பது வயதில் அவன் செய்த கார் திருட்டு வழக்கின் பதிவை அன்றுதான் நீதிமன்றம் அடியோடு அழித்திருந்தது; இனி சட்டப்படி அப்படியொரு வழக்கே நடக்கவில்லை.

நண்பன் டுவைட்டின் வழக்கும் போன வருடமே அழிந்துவிட்டது. ஆனாலும் வேலை விண்ணப்பங்களில், ‘தண்டனை பெற்றதுண்டா?’ என்றால் ‘ஆம்’ என்றே குறிப்பான்.

“நீதிபதியே இல்லைங்கிறாரு, நீ ஆமாங்கிறியே! உன்னை மாதிரி கோழைய ஜெயில்லகூட பார்த்ததில்லடா.”

“பொய்யன்னு விரட்டுறதுக்கு, திருடன்னு விரட்டினா பரவால்லடா.”

லெமுவேல் தன் வழக்கை அழித்த நீதிமன்ற ஆணையைக் கொளுத்தித்தான் அன்றைய விருந்துக்கு அடுப்பு மூட்டினான்.

மறுவாரம் அவன் வேலை கேட்டுப் போன கிடங்கின் மேலாளர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். ஏதோ ஓர் இணையதளத்தில் போலீஸ் எடுத்த பழைய படத்தோடு கார் திருட்டு அப்படியே இருந்தது.

“‘இல்லை’ன்னு எழுதியிருக்கியே?”

“அதை அழிச்சாச்சு சார்.”

“அழிச்சதுக்குக் காகிதம் கொண்டா.”

லெமுவேல் நீதிமன்றத்துக்கு ஓடினான்.

“உங்க பேர்ல வழக்கே இல்லையேங்க” என்றார் எழுத்தர்.

“அதை அழிச்ச ஆணையோட நகல் வேணும்மா.”

“இல்லாத வழக்குக்கு ஆணை ஏதுங்க? சந்தோஷமா வீட்டுக்குப் போங்க.”

அடுத்த கம்பெனிக்கு டுவைட்டும் விண்ணப்பிக்க வந்திருந்தான். லெமுவேல் அவனிடமே பேனாவை வாங்கி, விண்ணப்பத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, ‘ஆம்’ என்ற கட்டத்தில் குறியிட்டான்.