கடைசிப் பன்னிரண்டு பக்கம்

“கிழிக்கலை டீச்சர். வெட்டினேன்,” என்றாள் அந்தப் பெண், அதனால் குற்றம் பாதியாகிவிடும் என்பதைப் போல.

பள்ளி நூலக டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். காலையிலிருந்தே நேரம் சரியில்லை. ஆறாம் வகுப்பில் ஒருத்தன் அகராதிமேல் தண்ணீரைக் கொட்டியிருந்தான். பிரின்டர் படுத்துவிட்டது. இப்போது இது.

நாவலைப் புரட்டிப் பார்த்தார். கடைசிப் பன்னிரண்டு பக்கம் காணோம். ஓரத்தில் கோடு போட்ட மாதிரி நேரான வெட்டு. எதிரே நின்றவள் பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருப்பவள். வெட்டியதில் குறை சொல்ல முடியாது.

“திங்கக்கிழமை வந்து ‘இது எங்க வீட்டுப் பொண்ணுக்கு வேண்டாம்’னு திருப்பிக் கொடுத்தீங்க. வாங்கி வெச்சேன். புதன்கிழமை அவளே வந்து கேட்டா, கொடுத்தேன். இது நூலகம். கேட்டா கொடுக்கணும். அதுக்காகக் கத்தியைத் தூக்குவீங்களா?”

“பிளேடு டீச்சர்.”

“ரொம்ப முக்கியம்.”

விஷயம் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்ததுதான். ஐந்தாம் வகுப்புப் பெண். அம்மா போய் ஒன்றரை வருஷம். நாலு மாசத்துக்கு முன்னால் அப்பா இந்தத் தையல்கடைக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டார். அன்றிலிருந்து அந்தக் குழந்தை மத்தியான இடைவேளையில் விளையாடப் போவதில்லை. நூலகத்தின் மூலையில் வந்து உட்கார்ந்துவிடும்.

அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் டீச்சர் இந்த நாவலை எடுத்துக் கொடுத்தார். கதையிலும் அம்மாவை இழந்த ஒரு சின்னப் பெண். அம்மாவின் போர்வையைத் துவைக்க விடமாட்டாள். தினமும் அம்மாவின் நம்பருக்கு அடித்து, ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்ற குரலை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். டீச்சர் மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் மூக்கைச் சிந்தினார்.

“இதைப் படிச்சா அவ அழறான்னுதானே உங்களுக்குக் கோபம்?” என்றார். “அழட்டும்மா. அழாம உள்ளேயே வெச்சுக்கிட்டா அந்தப் பிஞ்சு மனசு என்னத்துக்கு ஆகும்?”

“அழற பக்கத்தையெல்லாம் நான் தொடலையே டீச்சர்.”

டீச்சர் மறுபடி புரட்டினார். உண்மைதான். போர்வை இருந்தது. போன் இருந்தது. அழுகை ஒரு சொட்டுக் குறையாமல் அப்படியே இருந்தது.

“அப்போ கடைசி அத்தியாயம் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு? இருக்கறதுலயே நல்ல அத்தியாயம் அதுதான். அந்தப் பொண்ணு மனசு மாறி, சித்தியை முதல்முதலா அம்மான்னு கூப்பிடற இடம். நியாயமா பார்த்தா நீங்க அதை பிரேம் போட்டு மாட்டணும்.”

அவள் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள்.

டீச்சருக்கு ஏதோ உறைத்தது. “உங்க வீட்டுப் பொண்ணு உங்களை அம்மான்னு கூப்பிட்டா உங்களுக்குப் பிடிக்காதா?”

“பிடிக்கலை டீச்சர்.”

ஒரு தயக்கம்கூட இல்லை. டீச்சருக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது.

“நல்லா இருக்கும்மா. கல்யாணம் பண்ணிக்கும்போது அவருக்கு ஒரு குழந்தை இருக்குன்னு தெரியாதா? ஒரு பிள்ளை தானா வந்து அம்மான்னு கூப்பிடறதை வேண்டாம்னு சொல்ற மனசை நான் இப்பதான் பார்க்கறேன். நாளைக்கே அவ அப்பாவை இங்கே வரச் சொல்றேன்.”

“சொல்லுங்க.”

அவள் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே பன்னிரண்டு பக்கமும் கசங்காமல் இருந்தன.

“ஒட்டிக்கலாம் டீச்சர். மத்தப் பிள்ளைங்க படிக்கட்டும். அவளுக்கு மட்டும் கொடுக்காதீங்க.”

“ஏன்? காரணத்தையாவது சொல்லித் தொலைங்களேன்.”

அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை இதைப் படிச்சு முடிச்சா. நேரா எழுந்து போய், ஸ்டூல் போட்டு ஏறி, ஹால்ல இருந்த அவ அம்மா போட்டோவைக் கழட்டினா. துணியில சுத்தி பீரோவுக்கு அடியில வெச்சா. கதையில அந்தப் பொண்ணு அப்படித்தானே செய்யறா? அப்புறம் சமையலறைக்கு வந்து என்னை அம்மான்னு கூப்பிட்டா. வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி. உதடு நடுங்குது. என்னடா குட்டி இதெல்லாம்னு கேட்டேன். ‘கடைசி அத்தியாயத்தை நல்லா படி, நல்ல பொண்ணுங்க அப்படித்தான் நடந்துப்பாங்கன்னு லைப்ரரி டீச்சர் சொன்னாங்க’ன்னா.”

டீச்சர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். சொல்லியிருந்தார். தலையைத் தடவிக்கொடுத்துத்தான் சொல்லியிருந்தார்.

“நான் போட்டோவைத் திரும்ப மாட்டிட்டேன். அதைப் பார்த்துட்டு, தான் ஏதோ சரியா செய்யலைன்னு நினைச்சுக்கிட்டா. ஒழுங்கா படிச்சுட்டு வந்து மறுபடி செய்யலாம்னுதான் புதன்கிழமை இங்கே வந்து எடுத்திருக்கா. அதான் பிளேடை எடுத்தேன்.”

டீச்சர் கவரை எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்தார்.

வாசல் வரை போனவள் திரும்பிச் சொன்னாள்.

“எனக்குச் சித்தியே போதும் டீச்சர். அம்மா அவளுக்கு ஏற்கெனவே இருக்காங்க.”