கறுத்து வந்த படங்கள்

"ஓரினுக்குக் கண்ணு போயிடுச்சு வெர்னா. இதுக்கு மேல மூடி மறைச்சுப் பிரயோஜனமில்ல."

பிரிட்டா இரண்டு கவர்களை முதலாளியம்மா மேஜையில் போட்டாள். பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷப் பிள்ளைகளின் படங்கள். எல்லா முகமும் கரி பூசின மாதிரி இருந்தது.

டுலூத் ஊரில் வெர்னாவின் ஸ்டுடியோவில் வேலை இப்படித்தான் நடக்கும். வெர்னா படம் எடுப்பாள். பிரிட்டா கம்ப்யூட்டரில் திருத்துவாள். ஓரின் பாக்கே கடைசியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளியூரில் அச்சடிக்கிற லேபுக்கு அனுப்புவார். அச்சாகி வரப் பத்து நாள் ஆகும்.

"என் ஸ்கிரீன்ல பளிச்சுன்னு இருக்கு. அவர் கையைத் தாண்டினா கறுத்து வருது. நடுவுல வேற யாரு இருக்கா?"

"கண்ணு ஆபரேஷன் பண்ணி ஒரு மாசம்தானே ஆகுது. சரியாயிடும்."

"அறுபத்தெட்டு வயசு! மூக்கால ஸ்கிரீனைத் துடைக்கிறாப்ல உக்காந்திருக்காரு மனுஷன். இன்னும் ஒரு கவர் இப்படிப் போச்சுன்னா ஸ்கூல்காரங்க வேற ஸ்டுடியோவைப் பாத்துக்குவாங்க. உங்க இஷ்டம்."

வெர்னா இரண்டு நாள் யோசித்தாள். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணப் படங்கள் ஓரின் கை பட்டவைதான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்து வேலை கைவிட்டுப் போனால் கடையைத் திறந்து வைப்பதில் அர்த்தமில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஓரினைக் கூப்பிட்டு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பிரிட்டா அந்த நேரம் பார்த்துக் காபி வாங்குகிற சாக்கில் கிளம்பினாள். அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குத் திருத்தி வைத்திருந்த நாற்பத்தொரு படங்களையும் திங்கட்கிழமை காலையில் அவளே லேபுக்கு அனுப்பினாள். பத்து நாளில் பெட்டி வந்தது. ஒவ்வொரு முகமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி.

"பாத்தீங்களா? ஆள் போனதும் சரியாயிடுச்சு," என்றாள் பிரிட்டா.

வெர்னாவும் தலையாட்டினாள்.

அடுத்த பெட்டி வந்தது. எண்பது படம். அத்தனையும் கறுப்பு. முன்னே வந்த இரண்டு கவர்களும் தேவலை என்கிற மாதிரி.

அன்றைக்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற டுவேனைக் கூப்பிட்டார்கள். அவன் பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு பிரிட்டாவின் அறைக்குள் வந்தான். கறுத்த படம் ஒன்றை எடுத்து அவள் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"இந்த ஸ்கிரீன் எப்ப வாங்கினது?"

"அக்டோபர்ல."

"வெளிச்சம் எவ்வளவுல வச்சிருக்கீங்க?"

"எவ்வளவுன்னா? பெட்டியிலேருந்து எடுத்தேன், மாட்டினேன்."

டுவேன் அடியில் இருந்த பொத்தானை அமுக்கினான். நூறு என்று காட்டியது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அடேயப்பா! உறைஞ்சு போன ஏரி மேல வெயில் அடிக்கிறாப்ல இருக்கு. இது கடையில ஆளை இழுக்கிறதுக்கு வைக்கிற வெளிச்சம். இதுல பாத்தா எந்தப் படமும் வெளுத்துப் போய்தான் தெரியும். வெளுத்திருக்கேன்னு நீங்க படத்தோட வெளிச்சத்தை இறக்குறீங்க. பேப்பருக்குள்ள விளக்கா எரியுது? கறுத்துத்தான் வரும்."

அவன் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தான். முப்பத்தெட்டில் ஸ்கிரீனில் இருந்த முகமும் கையில் இருந்த முகமும் ஒன்றாகின. இரண்டும் ஒரே கறுப்பு.

"யாருமே சொல்லலையா உங்ககிட்ட?"

பிரிட்டாவிடம் முன்பே சொன்னார் ஒருத்தர். வாசலில் நின்றபடியே, 'ஸ்கிரீன் ரொம்பக் கூசுதேம்மா, கொஞ்சம் குறைச்சுப் பாரேன்' என்றார். 'கூசுறது உங்க கண்ணு ஓரின், ஸ்கிரீன் இல்ல' என்று இவள் திருப்பிக் கொடுத்தாள். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

வெர்னாவுக்கு வேறு சந்தேகம்.

"டுவேன், அக்டோபர்லேருந்து இதே ஸ்கிரீன்தான். அப்ப நாலு மாசமா படம் எப்படி நல்லா வந்துச்சு?"

"பழைய படம் ஒண்ணைத் திறங்க, பாப்போம்."

பிரிட்டா நவம்பரில் செய்த படம் ஒன்றைத் திறந்தாள். படத்தில் செய்கிற திருத்தம் ஒவ்வொன்றும், கண்ணாடித் தாளை மேலே மேலே விரித்த மாதிரி, தனித்தனி அடுக்காக நிற்கும். அவள் போட்டது ஐந்து அடுக்கு. அங்கே ஆறு இருந்தது.

ஆறாவதில் வேறொன்றும் இல்லை. படத்தின் வெளிச்சம் மட்டும் ஏற்றியிருந்தது. பேர் எழுதுகிற இடத்தில் தேதியும் மணியும்.

"இது நான் போட்டதில்ல," என்றாள் பிரிட்டா.

இன்னொரு படம் திறந்தாள். ஆறு. இன்னொன்று. ஆறு.

"முதல்ல கறுத்து வந்துச்சே, அந்த ரெண்டு கவர்?" என்று கேட்டான் டுவேன்.

பிரிட்டா திறந்தாள். ஐந்துதான்.

வெர்னா மெதுவாகச் சொன்னாள்: "அவர் கண் டாக்டர்கிட்ட போன ரெண்டு நாள். அன்னைக்கு நான்தான் பாக்காம அப்படியே அனுப்பினேன்."

அவள் ஸ்கிரீன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த நாற்பத்தொண்ணைத் திற," என்றாள் வெர்னா.

"அது நானே அனுப்பினது வெர்னா. அவர் போனதுக்கு அப்புறம்."

"திறன்னு சொன்னேன்."

திறந்தாள். முதல் படம், ஆறு அடுக்கு. கடைசிப் படம், ஆறு அடுக்கு.

எழுதியிருந்ததை டுவேன்தான் படித்தான். "முதல் படம், வெள்ளிக்கிழமை நாலு இருபது. கடைசிப் படம், அன்னைக்கே ஆறு பத்து."

வெர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் அவரைப் போகச் சொன்னது நாலு மணிக்கு," என்றாள்.