டிவிக்குப் பவுடர்

“படம் ரொம்பத் தெளிவா இருக்கு. கொஞ்சம் கெடுத்துக் கொடுக்கணும்.”

டிவி மெக்கானிக் காதைத் தேய்த்துக்கொண்டார். திரையில் கோடு, புள்ளி, பாதி இருட்டு என்று இருபது வருஷமாக எத்தனையோ புகார் கேட்டிருக்கிறார். தெளிவாக இருக்கிறது என்று இதுவரை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

“சார், அறுபத்தஞ்சு இஞ்ச். இருக்கறதுலயே ஒசந்த பேனல். வாங்கி ஒரு வாரம்கூட ஆகல. எதுக்கு சார் சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறீங்க?”

“மத்த சேனல் எப்படியோ போகட்டும். இந்த ஒரு மணிச் செய்தி மட்டும் மங்கலாத் தெரியணும்.” வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். “மூணு மணிக்குள்ள முடிச்சாகணும்.”

பைத்தியத்தில் இது ஒரு ரகம் போலிருக்கிறது என்று நினைத்தபடி மெக்கானிக் ரிமோட்டை எடுத்தார். திரையில் ஒரு அம்மாள் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். ஷார்ப்னஸைப் பூஜ்யத்துக்கு இறக்கினார்.

“போதுமா?”

“கண்ணோரத்துல கோடு தெரியுதே.”

கான்ட்ராஸ்டையும் இறக்கினார்.

“கன்னத்துல மட்டும் இன்னும் கொஞ்சம்...”

“கன்னத்துக்குன்னு தனி பட்டன் கிடையாது சார்!” மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. “அந்தம்மா உங்களை என்ன பண்ணாங்க? பாவம், அவங்க பாட்டுக்கு வாசிக்கறாங்க.”

வீட்டுக்காரர் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அது என் சம்சாரம்பா.”

மெக்கானிக் திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“புது டிவி வந்த அன்னைக்கு, மூணு மணி மறு ஒளிபரப்புல தன்னையே பார்த்தா. பொலபொலன்னு அழுதுட்டா. இருபத்திரண்டு வருஷ வேலையை விடறேன்னு லெட்டர் எழுதி வச்சிருக்கா. நாளைக்குக் கொடுக்கப் போறாளாம். இன்னைக்கு ஒரு தடவை தன்னை நல்லபடியாப் பார்த்துட்டாள்னா மனசு மாறிடும்.”

தன் மனைவியைத் தான் என்றைக்காவது இப்படித் தாங்கியிருக்கிறோமா என்று நினைக்கவே மெக்கானிக்கு வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார். கலர், வெளிச்சம் எல்லாவற்றையும் கெடுத்தார். ஆனாலும் உயர்ந்த பேனல் உயர்ந்த பேனல்தானே, மோவாய்ச் சுருக்கம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

வீட்டுக்காரர் உள்ளே ஓடினார். மனைவியின் பவுடர் டப்பாவோடு வந்து, பஞ்சை எடுத்து டிவியின் மேலேயே ஒத்தினார்.

“எடுபடுது சார்!” என்று மெக்கானிக் கத்தினார்.

அதற்குள் காட்சி மாறியது. மைக் முன்னால் நின்ற அமைச்சரின் மீசை நரைத்துப் போனது. வீட்டுக்காரர் பஞ்சைப் பிடித்தபடி மனைவி திரும்பத் திரையில் வருவதற்காகக் காத்திருந்தார்.

மூன்று மணிக்கு மறு ஒளிபரப்பு ஆரம்பித்தது. நெற்றிக்குக் கடைசியாக ஒரு ஒத்து ஒத்தும்போது வாசல் கதவு திறந்தது.

அந்த அம்மாளேதான். டிவியைப் பார்த்தார். கணவர் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துத் திரையைத் துடைத்தார்.

“பழையபடியே வச்சுடுங்க, தம்பி.”

“மேடம், எல்லாம் உங்களுக்காகத்தான். டிவி ரொம்பத் தெளிவா இருக்குன்னு நீங்க அழுதீங்களாமே?”

“அப்படியா சொன்னார்?”

வீட்டுக்காரர் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார்.

“ஸ்டுடியோவுல என்னைச் சுத்தி எட்டு டிவி இருக்கு, தம்பி. எல்லாமே இதைவிடத் தெளிவு. தினமும் அதுலதான் என் மூஞ்சியைப் பார்க்கறேன்.” அந்த அம்மாள் கைக்குட்டையை உதறினார். “ ‘ஏண்டி, இன்னைக்கு உங்கம்மாவா செய்தி வாசிக்கறாங்க?’ன்னு அந்த எட்டுல ஒண்ணுகூட இதுவரைக்கும் கேட்டதில்லை.”